ஏழாவது பாட்டில் ட்ரம்ஸ் நிற்கும் இடம்

முதல் இறுவட்டில் நாங்கள்
நாற்பத்தொரு பேரைக் கொன்றிருந்தோம்.
ஷிராஸ்தான் எண்ணிச் சொன்னான்,
கொம்பனித்தெருவில் பாபத்தும் பிட்டும் தின்றபடி.
குடல், புழு, கோடரி, சாத்தான்
எல்லாம் ஆங்கிலத்தில்.
எங்கள் எவர் வீட்டிலும் கோடரி இருந்ததில்லை.
எனக்குப் பத்தொன்பது வயது.
பிணமென்று நான் கண்டது
வெள்ளவத்தை ஒழுங்கையில் ஒரு பூனை.

பிறகு எனக்கு வேலை கிடைத்தது.
இறப்புப் பதிவு, இரண்டாம் யன்னல்,
தமிழ் எழுதத் தெரிந்த ஒரே இலிகிதர்.

வருகிறவர்கள் அலறுவதில்லை.
"பேனை இருக்கா தம்பி" என்பார்கள்.
ஒருவர் மனைவியின் பிறந்த திகதியை
மூன்று தரம் பிழையாய்ச் சொல்லிவிட்டு
பஸ் டிக்கெட்டின் பின்புறம் கணக்குப் பார்த்தார்.
ஒரு பெண் ஐந்து பிரதி கேட்டாள்.
வங்கிக்கு, மின்சார சபைக்கு,
பள்ளிக்கூடத்துக்கு, கிராம சேவகருக்கு.
ஐந்தாவது எதற்கென்று
அவளுக்கே தெரியவில்லை.
மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

அவளைப் பற்றி ஷிராஸிடம் சொன்னேன்.
குச்சிகளைக் கீழே வைத்தான்.
"அது நிமிஷத்துக்கு எத்தனை அடி மச்சான்?"
பகிடிக்குக் கேட்கவில்லை.
இருநூற்று நாற்பதில் ஓடிக்கொண்டிருந்தவர்கள்
அறுபதுக்கு இறங்கினோம்.
பிறகு ஐம்பத்திரண்டுக்கு.

தெஹிவளையில், டயர் கடைக்கு மேலே,
முட்டை அட்டை ஒட்டிய அறை.
ரயில் வந்தால் பதிவை நிறுத்துவோம்
பத்து வருஷமாய் அதுதான் வழக்கம்.
இம்முறை ட்ரூடி பேஸ் கித்தாரிலிருந்து தலையெடுக்காமல்
"விடு, ஓடட்டும்" என்றாள்.
மூன்றாவது பாட்டில் நீங்கள் கேட்பது
விசேஷ ஒலி இல்லை,
களுத்துறைக்குப் போகிறவர்கள்.

தமிழில் உறுமுவது வேறு வேலை.
ஆங்கிலத்தில் வாயைப் பிளந்தாலே இருட்டு வந்துவிடும்.
தமிழில் மகரம் வந்ததும் உதடு மூடிக்கொள்கிறது.
அம்மா என்று உறுமிப் பாருங்கள்,
பேய் பாதியில் பால் குடிக்கப் போய்விடும்.
ழகரம் தொண்டையில் வழுக்கி ளகரமாய் விழுந்தது.
கொழும்பில் அதை யார் கவனிக்கப் போகிறார்கள்.

சஞ்சுலவுக்குத் தமிழ் தெரியாது.
நாலாவது பாட்டுக்கு அர்த்தம் கேட்டான்.
இறப்புக்கான காரணம், தெரியாது;
இறந்த இடம், தெரியாது;
சிங்களத்தில் சொல்லிக்கொண்டே போனேன்.
எண்பத்தொன்பதில் அவன் மாமாவுக்கு
யாரும் நிரப்பாத படிவம் ஒன்று உண்டு.
ஒன்றும் பேசவில்லை.
தடித்த கம்பியை இன்னும் கொஞ்சம் தளர்த்தினான்.
சுரம் போய், உலோகம் மட்டும் முனகியது.
அப்படியே வைத்தோம்.

ஏழாவதற்கு நான் ஒரு வரியும் எழுதவில்லை.
படிவத்தில் உள்ளதுதான்.
பெயர். வயது. தொழில்.
அறிவிப்பவருக்கும் இறந்தவருக்கும் உள்ள உறவு.

கொட்டாஞ்சேனையிலிருந்து வந்திருந்தார்,
இஸ்திரி போட்ட சட்டை, எழுபது வயதிருக்கும்.
மற்றதெல்லாம் மடமடவென்று சொன்னார்,
இரத்தக் குறூப் வரைக்கும்,
அதை நான் கேட்கவே இல்லை.
"உறவு?" என்றேன்.
பேனை கட்டத்துக்கு மேலே நின்றது.
பின்னால் வரிசை, தலைக்குமேல் காற்றாடி.
"ஒரே அறைதான் தம்பி.
முப்பத்தாறு வருஷம்."
பிறகு, "நீங்களே ஏதாவது போடுங்கோ."

போட்டேன். என்ன போட்டேன் என்பது
பாட்டில் இல்லை.
அந்த இடத்தில் ட்ரம்ஸ் நிற்கிறது.
பதினொரு விநாடி.

வெளியீட்டுக்கு பொரளையில் அறுபத்து மூன்று பேர்,
கறுப்பு டீ சேட்டுகள், நீள முடிகள்,
பழைய சாத்தானைத் தேடி வந்தவர்கள்.
"நரம்பு தளர்ந்திட்டுதோ" என்று ஒருவன்
இரண்டாவது பாட்டிலேயே கத்தினான்.
ஏழாவதில், நின்ற இடத்தில்,
பாட்டு முடிந்ததென்று யாரோ கைதட்டினார்கள்.
யாரோ அடக்கினார்கள்.
வெளியே ஜெனரேட்டர் கேட்டது.

ஷிராஸ் குச்சிகளை உயர்த்திப் பிடித்தபடி இருந்தான்.
அவன் மணிக்கட்டு நடுங்குவதை
முன்வரிசை பார்த்தது.
இருநூற்று நாற்பதில் அது
ஒருநாளும் நடுங்கியதில்லை.